தேர்தல் செலவுக் கணக்கில் ஒரே ஒரு கூட்டத்தைப் பிடியுங்கள்

சேலம் அம்மாபேட்டையில் ஷாமியானா, நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். எல்லாக் கட்சிக்கும் மேடை போட்ட கை இது. தேர்தல் முடிந்தால் போதும், கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, 95 லட்சத்துக்குள்ளதான் செலவுன்னு கணக்குக் காட்டுறாங்களே, அதை நாம பார்க்க முடியுமா?" முடியும். 95 லட்சம் என்பது நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கான செலவு வரம்பு. பார்வையிட ஒரு ரூபாய் கட்டணம். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தொகுதியைச் சரியாகப் பிடியுங்கள். சேலம் மாவட்டத்தில் குடியிருந்தால் சேலம் நாடாளுமன்றத் தொகுதிதான் என்று இல்லை. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சித் தொகுதியில் வருகின்றன. மேட்டூர் தர்மபுரியில், சங்ககிரி நாமக்கல்லில். ஏற்காட்டுக்காரர் நம்ம ஊர் கலெக்டர் ஆபீசில் சேலம் வேட்பாளர் கணக்கைப் புரட்டினால், தான் ஓட்டுப் போடாத ஆளின் கணக்கைத்தான் படிப்பார்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேட்பாளர் தன் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கொடுத்தாக வேண்டும். 2024 முடிவு ஜூன் 4இல் வந்தது, கெடு ஜூலை 4. காரணமில்லாமல் கொடுக்காவிட்டால் 3 ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை வரலாம். கணக்கு வந்த இரண்டு நாளில், அதை எங்கே, எப்போது பார்க்கலாம் என்ற அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவார்கள். சான்றிட்ட நகலும் கட்டணம் கட்டி வாங்கலாம். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலும் ஸ்கேன் செய்து போடுகிறார்கள். எழுத்து மங்கலாக இருந்தால் நேரில் போவதே நல்லது.

வேட்பாளர் செலவை எழுதும் பதிவேட்டில் மூன்று பகுதி. வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவு, ரோஸ் பக்கம் ரொக்கம், மஞ்சள் பக்கம் வங்கி. எல்லோரும் நேராகக் கடைசிக் கூட்டுத்தொகைக்குப் போகிறார்கள். அதில் ஒன்றும் கிடைக்காது, அது வரம்புக்குள்தான் இருக்கும். நீங்கள் நேரில் போன ஏதாவது ஒரு கூட்டத்தை எடுங்கள். அந்தத் தேதிக்கு வெள்ளைப் பக்கத்தைத் திருப்புங்கள்.

மேடை, நாற்காலி, மைக், லைட், ஜெனரேட்டர், பேனர், கொடி, வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, விலை, பணம் வாங்கியவர் பெயர், பில் எண் இருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது ஜெனரேட்டரை. திறந்த மைதானத்தில் இரவுக் கூட்டம், மைக்கும் லைட்டும் எழுதியிருக்கிறது, ஜெனரேட்டர் வாடகையும் இல்லை, டீசலும் இல்லை, தற்காலிக மின் இணைப்புக்குப் பணம் கட்டிய ரசீதும் இல்லை என்றால், மைக் எதில் பாடியது? அடுத்தது நாற்காலி. உங்கள் போன் படத்தில் ஒரு வரிசையில் எத்தனை, மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணிப் பெருக்குங்கள். நான் இரண்டு லாரியில் இறக்கிய நாற்காலியை ஒரு வேட்பாளர் கணக்கில் பார்த்தேன், ஒரு டெம்போவில் அடங்கிவிடும் அளவுக்கு இளைத்திருந்தது.

விலையை ஒப்பிடக் கடைக்காரனிடம் கேட்க வேண்டாம். நாற்காலியிலிருந்து டீ, பிரியாணி வரை எதற்கு எவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கலந்து விலைப்பட்டியல் போட்டிருப்பார். அதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தை வீடியோ எடுத்த குழுவை வைத்து அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடும் எழுதுகிறார்கள். பிரசார நாட்களில் வேட்பாளர் பதிவேட்டை மூன்று முறை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்புறம் ரோஸ் பக்கமும் மஞ்சள் பக்கமும். ஒரே ஆளுக்கு, ஒரே கடைக்கு, தேர்தல் காலம் முழுக்கச் சேர்த்து ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆகவே 9,500, 9,000 என்று பில்லைப் பிரித்துப் போட்டாலும் தப்பு தப்புதான். மீதி எல்லாம் தேர்தலுக்கென்று திறந்த வங்கிக் கணக்கு வழியாகப் போக வேண்டும்.

தலைவர் வந்த கூட்டம் என்றால் ஒரு சூட்சுமம் உண்டு. நட்சத்திரப் பேச்சாளர் என்று கட்சி கொடுத்த பட்டியலில் உள்ளவரின் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, அவர் பெயரும் படமும் அங்கே இருந்தாலோ, கூட்டச் செலவில் அவருக்குப் பங்கு உண்டு. மேடைப் படத்தில் பேனரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஓட்டுக்குக் கொடுத்த பணம் எந்தப் பக்கத்தில் என்று கேட்காதீர்கள். அதற்குப் பத்தியே கிடையாது. 2019இல் வேலூர் தேர்தலை ரத்து செய்ததும் பிடிபட்ட பணத்தை வைத்துத்தான், கணக்கைப் பார்த்து அல்ல.

வரவுக்கு, கணக்கோடு சேர்த்துத் தரும் அட்டவணைகளில் 7, 8, 9ஐப் பாருங்கள். முறையே சொந்தப் பணம், கட்சி தந்தது, மற்றவர் தந்த நன்கொடையும் கடனும். மூன்றில் 9ஆவதைப் பெயர் பெயராகப் படியுங்கள், ஊரில் தெரிந்த பெயர் வரும். கட்சிக்கோ செலவு வரம்பே இல்லை. 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரை ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குக் கட்சி சொல்ல வேண்டும், ஆணைய இணையதளத்தில் அது கிடைக்கும். வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தேர்தல் பத்திரம் 2018இல் வந்தது, அது அந்தப் பெயர்களையும் மறைத்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மார்ச்சில் பத்திரம் வாங்கியவர் பட்டியலும் அதைப் பணமாக மாற்றிய கட்சிகளின் பட்டியலும் வெளியாயின. பத்திர எண்ணை வைத்து இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

கணக்கு இடித்தால், கூட்டத்தின் தேதி, பக்க எண், படம், சான்றிட்ட நகல் இவற்றோடு மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுதுங்கள். வென்ற வேட்பாளர் வரம்பை மீறியதாக உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட அந்தத் தொகுதி வாக்காளர் யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் முடிவு வந்து 45 நாளுக்குள் போட வேண்டும். வேட்பாளர் கடைசி நாளில் கணக்குக் கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 15 நாள். படத்தைக் கூட்டம் நடக்கும்போதே எடுத்து வைத்திருந்தால்தான் அதற்குள் வேலை ஆகும்.