மெட்டு மாறினால் பேச்சு மாறும்

மாற்றம் பற்றிய ஆங்கில மரபுத்தொடரைப் படிக்கும்போது, அதற்குள் இருக்கும் காட்சியை முதலில் கண்முன் கொண்டுவாருங்கள். ‘சேஞ்ச் யுவர் ட்யூன்’ என்பதில் அது மெட்டு மாறுவது. நேற்று எதிர்த்துப் பாடியவர் இன்று ஆதரித்துப் பாடுகிறார். பேச்சை மாற்றிக்கொண்டார் என்று பொருள். ‘டர்ன் ஓவர் எ நியூ லீஃப்’ என்றால் திருந்தி வாழத் தொடங்குவது. இந்த லீஃப் மரத்தின் இலை அல்ல, புத்தகத்தின் தாள். ஓலைக்கும் பக்கத்துக்கும் ‘ஏடு’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும், எவ்வளவு அழகான பொருத்தம்! காட்சி மனத்தில் பதிந்தால் பொருள் மறக்காது.

பாட்டில் கேட்ட ஆங்கிலத்தை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள். அமெரிக்கப் பாடகர் சாம் குக் 1964இல் வெளியிட்ட ‘எ சேஞ்ச் இஸ் கன்னா கம்’ பாடலில் வரும் ‘கன்னா’ பேச்சு வழக்கு. தேர்விலும் விண்ணப்பத்திலும் ‘கோயிங் டு’ என்றே எழுத வேண்டும்.