மலையேறும் முன் பைத்தான் தொகுப்புகளைச் சேர்த்து வையுங்கள்

ஏற்காட்டில் பைத்தான் நிரல்மொழிப் பயிற்சி முகாம் நடத்துவோர், சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும் இடத்தில் ஒவ்வொரு கணினியிலும் நம்பை, பாண்டாஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்புகளைத் தனித்தனியாகப் பதிவிறக்கச் சொல்லாமல், சேலத்திலேயே, தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியின் ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் அவற்றையும் அவை சார்ந்திருக்கும் பிற தொகுப்புகளையும் ஒரே கோப்புறையில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்துச் செல்வது நல்லது. நிறுவும்போது ‘நோ இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட் லிங்க்ஸ்’ என்ற இரு தெரிவுகளையும் சேர்த்து அந்தக் கோப்புறையைக் காட்டினால், பிப் இணையத்தைத் தேடாது. எல்லோருக்கும் ஒரே பதிப்பு அமைவது கற்பிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

நம்பை போன்றவற்றின் ‘வீல்’ எனப்படும் நிறுவல் கோப்புகள் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் ஏற்ப மாறுபடும் என்பதால், விண்டோஸில் 3.12 பதிப்புக்காக இறக்கியது 3.11 உள்ள கணினியிலோ லினக்ஸிலோ நிறுவப்படாது. பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வந்து சேரா. அடுத்த முகாமுக்கு முன் கோப்புறையைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.