ஒரு பெயரின் பரவலையும் ஒலியையும் காலவரிசையில் கண்டறிவது எப்படி

குழந்தைக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்: அது எத்தனை பேருக்கு இடப்படுகிறது, அதை எப்படி உச்சரிப்பது. முதலாவதற்கு எண்கள் கிடைக்கும். இரண்டாவதைப் பற்றி அந்த எண்கள் வாயே திறப்பதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே தேடிய பிறகே ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெயர்களுக்கு நீண்ட காலப் பதிவுகள் இருப்பதால், மரியா என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் ஆண்டுவாரியான பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தருகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்கும் குறைவாக இடப்பட்ட பெயர் அதில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், பட்டியலில் காணாத பெயரை யாருமே வைக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மேலும், இப்பட்டியலுக்கு அடிப்படையான சமூகப் பாதுகாப்பு எண்கள் (விண்ணப்பிப்பவருக்கு அமெரிக்க அரசு தரும் தனி எண்கள்) 1936-இல்தான் வழங்கப்படத் தொடங்கின. அதற்கு வெகுகாலம் முன்பு பிறந்தவர்களில், பிற்காலத்தில் விண்ணப்பித்தவர்கள் மட்டுமே கணக்கில் வந்திருக்கிறார்கள். 1880-களின் எண்ணிக்கை சிறுத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரவரிசையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 1947-இல் முதலிடம் பிடித்த லிண்டா, அவ்வாண்டில் பிறந்த பெண் குழந்தைகளில் 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு இடப்பட்டது. 2018-இல் முதலிடம் பெற்ற எம்மாவோ ஏறத்தாழ 1 விழுக்காடுதான். இரண்டும் முதலிடமே என்றாலும், ஒரே வகுப்பில் மூன்று லிண்டாக்கள் உட்கார்ந்திருக்கலாம், எம்மா ஒருத்தியும் இல்லாமல் போகலாம். எனவே விழுக்காட்டைக் கணக்கிட்டு, பத்தாண்டுக்கு ஒரு புள்ளியாக வரைந்து பாருங்கள். எழுத்துக்கூட்டல் மாறினால் பட்டியல் அதைத் தனிப் பெயராகவே எண்ணும் என்பதால், ஒரே ஒலியுள்ள வடிவங்களை நீங்களேதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி ஒலி. மரியா என்று இன்று நாம் படிக்கும் பெயரை ஆங்கிலேயர் முற்காலத்தில் ‘மரையா’ என்றே சொன்னார்கள்; லத்தீன் பெயர்களின் நெடில் இகரத்தை ‘ஐ’ ஆக்கிப் படிப்பது அவர்களது வழக்கம். சோஃபியாவும் அவ்வாறே ‘சொஃபையா’ என ஒலித்தது. பின்னர் ஸ்பானிய, இத்தாலிய ஒலிப்பை ஒட்டிய ‘மரீயா’ மேலோங்கியபோது, பழைய ஒலியைத் தெளிவாகக் காட்டுவதற்கு, இறுதியில் ஓர் ‘எச்’ சேர்த்த எழுத்துக்கூட்டல் உதவியது. பாடகி மரையா கேரியின் பெயரில் இருப்பது அதுதான். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 1990-இல் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே அவ்வடிவம் அமெரிக்காவின் முதல் 100 பெண் பெயர்களுக்குள் நுழைந்தது. ஆக, மரியா என்ற எழுத்துக்கூட்டலுக்கு வரையப்படும் ஒற்றைக் கோடு, உண்மையில் இரண்டு வெவ்வேறு ஒலிகளை ஒட்டவைத்த கோடு.

இத்தகைய மாற்றத்தைக் கண்டுபிடிக்க மூன்று தடயங்கள் உதவும். பழைய செய்யுளில் அப்பெயர் எந்தச் சொல்லோடு இயைபாக வருகிறது என்று பார்க்கலாம். பழைய பதிவேடுகளில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ‘பிழைகளை’த் திரட்டலாம், என் கணிப்பில் மிகவும் நம்பத்தக்க சான்று இதுவே, ஏனெனில் பிழை செய்பவர் ஒலியை மறைக்க முயல்வதில்லை. மூன்றாவதாக, டேனியல் ஜோன்ஸின் 1917-ஆம் ஆண்டு ஆங்கில உச்சரிப்பு அகராதி போன்ற நூல்களின் பல பதிப்புகளை அருகருகே வைத்து, எந்த ஒலிப்பு முதலில் தரப்படுகிறது என்று ஒப்பிடலாம். இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆன்டனி என்று பிரிட்டனில் பெரும்பாலும் ஒலிக்கும் பெயர் அமெரிக்காவில் ‘ஆந்தனி’ ஆகிறது.

கண்டறிந்ததைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பது வசதியானது. குறிலும் நெடிலும் தெளிவாக நிற்கும். ஆனால் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதை நம் எழுத்து காட்டாது, ஆகவே அந்த அசைக்குக் கீழே ஒரு கோடு இடுங்கள். கடைசியாக, பெயரை ஒரு தாளில் எழுதி, அதை முன்பின் கேட்டிராத பத்துப் பேரிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிக்காட்டிவிடக் கூடாது. நால்வர் ஒருவிதமாகவும் அறுவர் வேறுவிதமாகவும் படித்தால், வேறு எழுத்துக்கூட்டலைத் தேடுவதற்குப் பிறப்புப் பதிவுக்கு முன்பே நேரம் இருக்கிறது.