ஈஓடி கிரேன் (மேல தண்டவாளத்துல ஓடுற கரண்ட் கிரேன்): ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

சட்டப்படி 12 மாசத்துக்கு ஒருதடவ முழுசா செக் பண்ணி சர்டிபிகேட் வாங்கியாச்சுன்னு டெய்லி செக்க விட்டுடாதீங்க, ரோப் நேத்து ஷிப்ட்ல கூட அடி வாங்கியிருக்கலாம்.

ஹூக்க கண்ணுக்கு நேரா இறக்கிட்டு பவர் ஆஃப் பண்ணுங்க. வாய் விரிஞ்சிருக்கா, லாட்ச் (ஹூக் வாய மூடுற க்ளிப்) தானா மூடுதான்னு பாருங்க. அடுத்து வயர் ரோப், இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கணும், வெறும் கையால தடவவே தடவாதீங்க கிழிச்சிடும், காட்டன் துணிய சுத்தி மெதுவா இழுத்தா அறுந்த கம்பி இருக்கிற எடத்துல நூல் மாட்டும். புரி (கம்பிய முறுக்கின இழை) பிரிஞ்சிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ அந்த ரோப்ல தூக்காதீங்க.

பவர் போட்டு எமர்ஜென்சி ஸ்டாப், ஹார்ன் பாத்துட்டு, லோடு இல்லாம பட்டன விட்டு விட்டு அமுக்கி ஹூக்க மேல ஏத்துங்க, அப்பர் லிமிட் ஸ்விட்ச் (ஹூக் ரொம்ப மேல போகாம நிறுத்துற ஸ்விட்ச்) கட் பண்ணணும். பிரேக் பிடிக்குதான்னு பாக்க மொத லோட ஒரு ஜாண் தூக்கி நிறுத்திப் பாருங்க, வழுக்குச்சுன்னா இறக்கி வச்சு பவர ஆஃப் பண்ணி லாக் போட்டு, ஓட்டக்கூடாதுன்னு டேக் மாட்டிடுங்க, சூப்பர்வைசர் எவ்ளோ அவசரப்படுத்தினாலும் சரி.