கார்னிஷ் கூப்பே வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ரோல்ஸ் ராய்ஸ் கார்னிஷ் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது கூரையை மடக்கும் கார்தான். அதே பெயரில் நிலையான கூரையோடு ஒரு கூப்பேயும் இருந்தது. எனக்கு அதுதான் அழகு. 1966-ல் ரோல்ஸ் ராய்ஸின் நான்கு கதவு காரான சில்வர் ஷேடோவின் இரு கதவு வடிவமாக வந்து, 1971 மார்ச்சில் கார்னிஷ் என்று பெயர் மாறியது. லண்டனில் முல்லினர் பார்க் வார்டு பட்டறையில் கைவேலையாக உருவானது. பிரிட்டனில் விற்பனைக்கு வரும்போது கூரை திறக்கும் காரைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. அந்த விலையைப் பார்த்து அவசரப்படுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தமே இல்லாமல் ஓடுவது இந்தக் காரின் பெருமை. அதன் நோய்களும் அப்படித்தான், சத்தமில்லாமல் முற்றும். 6,750 சிசி வி8 என்ஜின் மெல்ல முனகுவதைக் கேட்டதுமே மனம் கரைந்து கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. என்ஜினைக் கேட்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்.

சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற உயர் அழுத்த ஹைட்ராலிக் அமைப்பு, அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு, இதில் இருக்கிறது. பிரேக்கும் பின்பக்க உயரத்தைச் சமன்செய்யும் வேலையும் அதன் பொறுப்பு. அழுத்தத்தைத் தேக்கி வைக்க வாயு நிரப்பிய இரண்டு கோளங்கள் உண்டு. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இக்னிஷனை மட்டும் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை பிரேக்கை மிதித்து எண்ணுங்கள். இருபது, முப்பது மிதியாவது தாங்க வேண்டும். பத்துக்குள்ளேயே எரிந்தால் கோளத்தில் வாயு இல்லை. கோளத்தைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. ஆனால் அதைக்கூடக் கவனிக்காத உரிமையாளர் ரப்பர் குழாய்களை மாற்றியிருப்பாரா?

அடுத்தது பிரேக் ஆயில். இது பலருக்குத் தெரியாமல் நடக்கிற பெரும் பிழை. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்ஆர்363 என்ற தனி பிரேக் திரவம். பம்புகள் தேயாமல் இருக்க அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்ந்திருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் அந்த வழுவழுப்பு போய்விடும். பின்னாளில் வந்த ரோல்ஸ் ராய்ஸ்கள் மினரல் ஆயிலுக்கு மாறின. அதைப் பழைய காரில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டு, அமைப்பு முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதுதான். எந்த ஆயில், கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

துருவைத் தேடக் காந்தத்தோடு போகிறவர்கள் கதவிலும் பானெட்டிலும் டிக்கியிலும் அது ஒட்டாததைப் பார்த்து, "முழுக்கப் பட்டி போட்டிருக்கிறார்கள்" என்று பதறுவார்கள். அவை அலுமினியம். மற்ற உடல் எஃகு. காந்தத்துக்கு வேலை அங்கேதான். கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' என்ற அடிப்பட்டை, பின்சக்கர வளைவு, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கூரையில் வினைல் போர்த்தியிருந்தால் அதன் ஓரங்களை விரலால் அழுத்துங்கள். குமிழ் தட்டுப்பட்டால் அடியில் ஈரம் புகுந்து நாளாகிவிட்டது.

பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே சாலையில் ஓடுகிறது என்பதே தகுதிச் சான்று ஆகாது. ஆனால் பதிவு எண்ணைக் கொடுத்தால் 2005 முதல் நடந்த சோதனைகளின் விவரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே இடத்துத் துருவை ஆண்டுதோறும் ஆய்வாளர் குறித்து வைத்திருப்பதை அங்கே படிக்கலாம். மைல் கணக்கு நடுவில் குறைந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

குறைந்த மைல் என்பதில் மயங்குவதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. கொட்டகையில் நின்ற காரில் பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், சீல் காயும். அலுமினிய என்ஜினுக்குள் சிலிண்டர்களின் உள்சுவராக இருப்பவை இரும்பு லைனர்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை மாற்றாமல் விட்டால் அரிப்பு அங்கே தொடங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளில் கசிவின் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் லைனரின் சீல் போய்விட்டது, என்ஜினைப் பிரித்தாக வேண்டும். மாதம் இருமுறையாவது ஓடி, ஒவ்வொரு வேலைக்கும் ரசீது வைத்திருக்கும் அதிக மைல் காரையே நான் எடுப்பேன்.

பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தபின் பிரேக் எச்சரிக்கை விளக்குகள் அணைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். திரும்பி வரும்முன் கார் நின்ற தரையையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.