ஃப்ரேசல் வெர்ப்: வாலோடு சேர்த்துப் படியுங்கள்

‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, ஆங்கிலத்திலும் ‘ஆஃப் தி லைட்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஆஃப் தனியாக அந்த வேலையைச் செய்யாது. ‘டர்ன் ஆஃப் தி லைட்’ என்றால்தான் சரி. இப்படி ஒரு வினையோடு சின்னச் சொல் ஒன்று வால்போல ஒட்டி, இரண்டும் சேர்ந்து ஒரு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப்.

முதல் வேலை, பயத்தை விடுவது. தமிழிலேயே இது உண்டு. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளவில்லை, கீழே போடவும் இல்லை. அதேதான் ‘புட் ஆஃப்’. பார்த்துக்கொள் என்பது ‘லுக் ஆஃப்டர்’, விட்டுக்கொடு என்பது ‘கிவ் இன்’, ஒத்துப்போ என்பது ‘கெட் அலாங்’. தள்ளிப்போடு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை அல்லவா? ஆங்கிலத்தையும் அப்படியே ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு தமிழ் வாக்கியம், ‘பாட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதுபோல. வலப்பக்கம் அதற்கான ஆங்கிலம். ஒரு நாளைக்கு மூன்று போதும். லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் அப் என்று ஒரே வினையின் பட்டியலை மொத்தமாக மனப்பாடம் செய்யாதீர்கள். பரீட்சை வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும், ஆனால் மறுநாளே எல்லாம் குழம்பிவிடும்.

மூன்றாவது, பெயர்ச்சொல்லை எங்கே வைப்பது? பலரும் சறுக்கும் இடம் இது. ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’, ‘டர்ன் தி ஃபேன் ஆஃப்’ இரண்டுமே சரி. ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்தால் மட்டும் நடுவில்தான் உட்காரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ பிரியவே பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’தான். எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபர்டின் கற்போர் அகராதியில் பிரியும் வினைகளுக்கு நடுவே இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அப்புறம் சொல்லோடு ஒட்டிவரும் முன்னிடைச்சொற்கள், அதாவது ப்ரெபொசிஷன்கள். இங்கே நம் வேற்றுமை உருபுகளே காலை வாரும். ‘அவளோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்கிறோம், சரியானது ‘மேரீட் டு’. ‘அவன்மேல் கோபம்’ என்பது ‘ஆங்க்ரி ஆன்’ ஆகிறது, சரியானது ‘ஆங்க்ரி வித்’. ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்றால் ‘குட் அட் மேத்ஸ்’. ‘பாட்டுக் கேட்கிறேன்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபுகூடத் தொக்கிப் போகிறது. அதனால் ‘லிசன்’ என்பதற்குப் பின்னால் ‘டு’ போட மறந்துவிடுகிறோம். எல்லாமே எதிரி இல்லை. ‘அவனுக்காகக் காத்திருந்தேன்’ என்பதன் ‘ஆக’, ‘வெயிட் ஃபார்’ என்பதில் அப்படியே பொருந்தும். ஆகவே, புதுச் சொல் எழுதும்போதே வாலையும் சேர்த்து எழுதுங்கள்.

வால் இல்லாத சில சொற்களும் உண்டு. ‘டிஸ்கஸ்’ என்றாலே ‘பற்றி’ உள்ளே வந்துவிட்டது, ‘அபவுட்’ வேண்டாம். ஆனால் ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு அதே ‘அபவுட்’ வரும் (ஆங்கிலத்திடம் நியாயம் கேட்டுப் பயனில்லை). ‘ரீச்’ என்பதற்கு ‘டு’ வேண்டாம். சமாளி என்பதற்குச் சொல்லும் ‘கோப் அப் வித்’ என்பதில் வால் உண்டு, ஆனால் ‘அப்’ தேவையில்லை, ‘கோப் வித்’ போதும்.

வாரம் ஒருமுறை நோட்டின் வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுக்கியதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அலுவலகக் கடிதம் எழுதும்போது மட்டும் ‘புட் ஆஃப்’ என்பதைவிட ‘போஸ்ட்போன்’ பொருத்தமாக இருக்கும். பேச்சில் ‘புட் ஆஃப்’ இயல்பாக வரும்.