ஸாண்ட்வோர்ட் போகிறவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

நம்ம பக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் பிள்ளை வேலை பார்க்கிற வீடு இப்போது தெருவுக்கு ஒன்று இருக்கிறது. பார்க்கப் போகிற பெற்றவர்களுக்குக் காற்றாலையையும் ட்யூலிப் தோட்டத்தையும் காட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வண்டி, இன்ஜின் என்றால் காது நிமிர்கிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு ஸாண்ட்வோர்ட் போய் வாருங்கள். கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே போட்ட கார் பந்தயத் தளம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை நடத்தியவன் நான். இளவட்டத்தில் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் போய், சோழவரத்தில் பந்தயம் பார்த்திருக்கிறேன். அது இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். வெயிலும் புழுதியும்தான் காலரி. அந்தக் கணக்கில்தான் மகள் வீட்டுக்குப் போன மறுவாரமே ஸாண்ட்வோர்ட் கிளம்பினேன்.

முதல் தடவை ஏமாந்தேன். அன்றைக்குத் தளத்தில் ஒரு வண்டியும் ஓடவில்லை. வேலிக்கு வெளியே காற்றில் நின்றபடி வீட்டுக்காரி, "ஏங்க, மணலைப் பார்க்கத்தானா? தொண்டிக்குப் போயிருந்தா பஸ் சார்ஜோட முடிஞ்சிருக்குமே" என்றாள். பதில் சொல்ல வாயில்லை. அதனால், கிளம்புவதற்கு முன்னால் தளத்தின் இணையப் பக்கத்தில் நாட்காட்டியைப் பாருங்கள். பழைய வண்டிகள் ஓடும் ஹிஸ்டாரிக் கிராண்ட் ப்ரீ கோடையில் நடக்கும். என்னைக் கேட்டால், உலகத்தின் முதல்தரக் கார் பந்தயமான ஃபார்முலா ஒன்னைவிட அதற்குத்தான் போகச் சொல்வேன். ஃபார்முலா ஒன் நாளில் லட்சம் பேர் கூடுகிறார்கள். ஊரின் ஜனத்தொகையோ பதினேழாயிரம் சொச்சம். அதோடு, இங்கே ஃபார்முலா ஒன் நடத்துகிற ஒப்பந்தமும் 2026 ஆகஸ்ட் பந்தயத்தோடு முடிகிறது.

போகும் வழி சுலபம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். 'ஸாண்ட்வோர்ட் ஆன் ஸே' என்ற கடைசி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அவர்கள் வாயில் அது 'ஸாண்ட்ஃபோர்ட்' என்று வரும், குழம்ப வேண்டாம். டிக்கெட் எடுக்க நிற்க வேண்டியதில்லை, பேங்க் கார்டை வாசலில் தட்டினால் போதும். இறங்கும்போது மறக்காமல் திரும்பத் தட்டுங்கள். நான் மறந்து 20 யூரோ அழுதேன். ஸ்டேஷனிலிருந்து வடக்கே கால் மணி நேர நடை. காரில் போகிறேன் என்று மாப்பிள்ளை கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஊருக்குள் போக இரண்டே ரோடு; பெரிய பந்தய நாட்களில் அனுமதி இல்லாத காரை உள்ளே விடமாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களே பாதிப்பேர் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

சரி, தளத்தின் கதை. 1939-ல் ஊர்த் தெருவிலேயே பந்தயம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், நம்ம மாட்டுவண்டிப் பந்தயம் மாதிரி. பிறகு ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். கடற்கரைக் கட்டடங்களைக் கோட்டை அரணுக்காக இடித்துத் தள்ளினான். மேயர் ஃபான் ஆல்ஃபன், "நீங்கள் ஜெயித்ததும் அணிவகுப்பு நடத்த ஒரு ரோடு வேண்டாமா?" என்று சொல்லி, மணல்மேட்டுக்குள் ரோடு போட வைத்தார் என்று சொல்வார்கள். போர் முடிந்ததும் அந்த ரோட்டை வைத்தே தளத்தை அமைத்து, 1948 ஆகஸ்ட் 7-ல் திறந்தார்கள். திறப்புப் பந்தயத்தில் ஜெயித்தவர் வெள்ளைக்காரர் இல்லை. சயாம் நாட்டு (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீரா, மஸராட்டி வண்டியில். இதை நான் சொன்னபோது மாப்பிள்ளை நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்த பிறகுதான், "ஆமா மாமா" என்றார்.

பட்டறைக்காரனுக்கு அங்கே முக்கியமான வருஷம் 1967. காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற மூன்று லிட்டர் வி-8 இன்ஜின் முதல்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது இங்கேதான். இறங்கிய அன்றே ஜிம் கிளார்க் லோட்டஸ் 49-ல் அதை வைத்து ஜெயித்தார். அந்த வண்டியில் பின்பக்கத்துக்குத் தனிச் சேஸிஸ், அதாவது தாங்குகிற சட்டம், கிடையாது. இன்ஜினையே உடம்போடு போல்ட் போட்டு முறுக்கி, பின் சஸ்பென்ஷனை இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் மாட்டியிருந்தார்கள். நம்ம ஊர் டிராக்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கேயும் இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் முதுகெலும்பு. அந்த இன்ஜின் பிறகு 155 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஜெயித்தது. ஹிஸ்டாரிக் நாளில் அதன் சத்தத்தைக் கேட்கலாம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

1973-ஐயும் சொல்லாமல் விட முடியாது. ரோஜர் வில்லியம்சனின் வண்டி கவிழ்ந்து தீப்பிடித்தது. பின்னால் வந்த டேவிட் பர்லி தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிப்போய், ஒற்றை ஆளாக அதைப் புரட்டப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஊழியர்களிடம் நெருப்புக்குத் தாங்கும் உடை இல்லை. பந்தயத்தையும் நிறுத்தவில்லை. மற்ற வண்டிகள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன, வில்லியம்சன் இறந்துபோனார். பர்லிக்குப் பிறகு, துணிச்சலுக்காகப் பிரிட்டனில் தரும் ஜார்ஜ் பதக்கத்தைக் கொடுத்தார்கள். அந்த இடம் இன்றைய தளத்தில் இல்லை. 1985-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் நின்று, பணமும் தீர்ந்து, நிலத்தில் ஒரு பகுதி விடுமுறைக் குடில்களுக்குப் போய்விட்டது. தளம் கொஞ்ச காலம் இரண்டரை கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடந்தது. 1999-ல் திரும்ப நீட்டினார்கள், 2021-ல் ஃபார்முலா ஒன் திரும்பி வந்தது. அந்த நாட்டு வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்து, ஊரையே அவர்கள் நாட்டு நிறமான ஆரஞ்சாக்கினார்.

எங்கே நிற்பது? மாட்டுவண்டிப் பந்தயத்தில் கொடி வீசுகிற இடத்தில் கூட்டம் முண்டும், ஆனால் விஷயம் தெரிந்தவன் வண்டி திரும்புகிற இடத்தில்தான் நிற்பான். இங்கே அந்த இடம் டார்சான் வளைவு. நேர்ரோடு முடிந்து அப்படியே திரும்பி வருகிற முதல் வளைவு. டார்சான் என்று பட்டப்பெயர் கொண்ட ஒருவர், வளைவுக்குத் தன் பெயரை வைத்தால்தான் தளத்துக்காகத் தன் காய்கறித் தோட்டத்தைத் தருவேன் என்றாராம். 1979-ல் பந்தய வீரர் ஜில் வில்நவ் டயர் வெடித்து, மூன்று சக்கரத்தோடு ஒரு சுற்று முழுக்கப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டே வந்தது இந்தத் தளத்தில்தான்.

அடுத்து மூன்றாவது வளைவு, ஹூகன்ஹோல்ட்ஸ். நெடுங்காலம் இந்தத் தளத்தை நிர்வகித்து, ஜப்பானில் சுஸுகா தளத்தையும் வடிவமைத்தவரின் பெயர். நம்ம ஊருணிக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே தட்டையாக ஆரம்பித்து மேலே போகப்போகச் செங்குத்தாகிறது. கடைசி வளைவில் சரிவு 18 டிகிரி, அதாவது பத்தடி அகலத்துக்கு மூன்றடி உயரம். டிவியில் இது தெரியவே தெரியாது. ஒரு சுற்று 4.259 கிலோமீட்டர், ஃபார்முலா ஒன்னில் 72 சுற்று.

நின்ற இடத்திலிருந்து தரையையும் கவனியுங்கள். கடல்காற்று மணலை அள்ளித் தார் ரோட்டில் தூவிக்கொண்டே இருக்கும். வண்டி ஓட ஓடச் சக்கரம் போகிற பாதை மட்டும் துடைத்துக் கறுப்பாகும். அதைவிட்டு ஒரு சாண் விலகினாலும் டயர் பிடிமானம் போய்விடும். நம்ம செம்மண் ரோட்டில் கோடை மழைக்கு முன்னால் பைக்கைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோடையானாலும் ஜெர்கின் எடுத்துப் போங்கள். கட்டுச்சோற்றை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்த தயிர்சாதத்தில் நாங்கள் மணலையும் சேர்த்து மென்றோம். மீன் சாப்பிடுகிறவர்கள் கடற்கரைக் கடையில் 'கிபலிங்' என்று கேளுங்கள், மாவில் முக்கிப் பொரித்த மீன் துண்டு. காரம் சுத்தமாகக் கிடையாது. வீட்டுக்காரி கைப்பையில் வைத்திருந்த இட்லிப்பொடியைத் தொட்டுத்தான் இறங்கியது. வேலிக்கு வெளியே உள்ள மணல்மேட்டில் பாதையை விட்டு ஏறாதீர்கள். மணல் பல்லிகள் வாழ்கிற பாதுகாக்கப்பட்ட இடம், அதற்காகக் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

திரும்பும்போது, ரயிலில் ஏறுவதற்கு முன்னால் செருப்பை உதறிக்கொள்ளுங்கள். பிறகு கார்டைத் தட்டுங்கள்.